டிக்கி சீட்டில் வந்தவள்

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை. வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குக் கூலி. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, உண்மையாகவே மோதியதா, இன்சூரன்ஸுக்காக மோதவிட்டார்களா என்று எழுதிக் கொடுக்கும் சர்வேயர் நான். லாரி டிரைவர் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தாலும், பம்பரில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்வேன். கீரைக்காரியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்கிற மனுஷன் என்று என் மனைவி தர்மாம்பாள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன். இது நடந்தது.

1982. தீபாவளிக்கு ஒரு வாரம் முந்தின ஞாயிற்றுக்கிழமை.

மதுரையில் பழைய கார் வைத்திருந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினோம். வருஷம் பூராவும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் புலம்புவதுதான் எங்கள் வேலை. தீபாவளி வந்தால் மட்டும் கொஞ்சம் உருப்படியான காரியம். வண்டிகளுக்கு மாவிலை கட்டி, வரிசையாகக் கிராமங்களுக்குப் போய், இல்லாதவர்களுக்குப் புதுத்துணியும் இனிப்பும் கொடுத்துவிட்டு வருவோம். வரிசைக்கு ஒரே ஒரு சட்டம். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டி மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னுடையது 1936 ஆஸ்டின். முன்னால் இரண்டே பேர் உட்காரலாம். பின்னால் டிக்கி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சீட் இருக்கும். அதற்குக் கூரை கிடையாது. என் மகள் ஸ்யாமளாவுக்கு எட்டு வயது. டிக்கி சீட் என்றால் அவளுக்கு உயிர்.

தர்மாம்பாளுக்கு அவளை அனுப்பவே மனசில்லை. ஈரக்காற்றுப் பட்டால் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும். மூன்று வயதில் ஒருதரம் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்த பிள்ளை. வாசலில் நின்று ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே கொண்டுவந்து சேர்க்கணும்."

சரி என்றேன்.

தமுக்கம் மைதானத்திலிருந்து கிளம்பும் நேரத்தில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியது விருமாண்டியின் மனைவி. விருமாண்டி எங்கள் சங்கத்தில் சின்னவர், முப்பது வயது, ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடையில் தீபாவளிக் கூட்டம் என்பதால் அன்று அவர் வரவில்லை. அந்தப் பெண் கல்யாணமாகிச் சென்னையிலிருந்து வந்து நாலைந்து மாதம்தான் இருக்கும். பெரிய பனையோலைப் பெட்டி ஒன்றை இறக்கினாள். மாமியார் ஊருக்குப் போயிருக்கிறாராம். வீட்டை ஒதுங்க வைக்கும்போது கிடைத்ததாம். எல்லாம் உடுத்தாத பாவாடை சட்டையாம், ஏழைப் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்றாள். வேறு வண்டியில் இடமில்லை. என் டிக்கியில் ஸ்யாமளாவின் காலடியில் வைத்தோம்.

ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெட்டி… விற்காத சரக்கைத் தர்மக் கணக்கில் தள்ளிவிடுகிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அது என் புத்தி.

உசிலம்பட்டியில் காபி குடித்துவிட்டு, அதைத் தாண்டி இரண்டு ஊர்களில் சேலையும் வேட்டியும் கொடுத்தோம். கொட்டடித்து வரவேற்றார்கள். பேரையூர் வழியாக டி. கல்லுப்பட்டி போய், அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் துணிகளைக் கொடுத்துவிட்டு, திருமங்கலம் வழியே ஊர் திரும்புவதாகத் திட்டம்.

மதியம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது.

ஓரங்கட்டி, முன்சீட்டுக்கான துணிக்கூரையை, அந்த ஹூட்டை, இழுத்து மாட்டுவதற்குள் ஸ்யாமளா தொப்பலாக நனைந்துவிட்டாள். பல் தந்தியடித்தது. மாற்றுத்துணி எடுத்து வரவில்லை. புளியமரத்தடியில் நின்று அந்தப் பெட்டியைத் திறந்தேன். நம் பிள்ளை ஒன்றைப் போட்டுக்கொள்ளட்டும், நாளைக்கு வேறு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெட்டிக்குள்ளிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. எல்லாத் துணியும் ஒரே நிறம். கரும்பச்சையில் அரக்குக் கரை. மேலே இருந்தவை கைக்குழந்தைக்குக் கொஞ்சம் பெரிசு. அதற்கடியில் இன்னும் பெரிசு. அதற்கடியில் அதைவிடப் பெரிசு. அடியில் கையை விட்டுப் பார்த்தால் தாவணிகூட இருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

எந்தக் கடையில் ஒரே துணியை எல்லா அளவிலும் இப்படி எடுத்து வைப்பார்கள்? எங்கேயோ இடித்தது. ஆனால் பிள்ளை தும்மினாள். நடுவிலிருந்து ஒன்றை உருவிப் போட்டுவிட்டேன். தையல்காரர் அளவெடுத்துத் தைத்த மாதிரி அவளுக்குப் பொருந்தியது.

மழை விட்டது. முன்சீட் முழுக்க மைசூர்பாகு டின்கள். அவளை மறுபடியும் டிக்கியில் உட்கார வைத்தேன். நான் முன்னால் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

கிரீச்…

என் வண்டி எனக்குத் தெரியும். பின்பக்கம் பெரிய ஆள் ஒருவர் ஏறினால் ஸ்பிரிங் பட்டை ஒருதரம் முனகும். இறங்கினால் இன்னொருதரம். சின்னப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் வராது.

இறங்கிப் பார்த்தேன். ஸ்யாமளா மட்டும்தான் இருந்தாள். ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் விட்டு.

கிளம்பினேன். கொடுக்க வேண்டியதில் பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. வண்டி லேசாகப் பறக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் திணறியது. இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டியிருந்தது. பெட்ரோலில் எவனோ மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று சந்தேகப்பட்டேன்.

பின்னாலிருந்து ஸ்யாமளாவின் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. ஏதோ சொல்வாள். நிறுத்துவாள். கொஞ்சம் பொறுத்து, "ஆமா" என்பாள். சிரிப்பாள். சின்னப் பிள்ளை தனக்குத்தானே பேசும் என்று விட்டுவிட்டேன்.

பேரையூரில் மலையம்மாள் என்ற அம்மாளின் டீக்கடையில் எல்லா வண்டியும் நின்றன. அப்போது மணி நாலே முக்கால். ஸ்யாமளாவைத் தூக்கி இறக்கினேன். காலையில் தர்மாம்பாள் அவளுக்கு ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள். இப்போது ஒற்றைச் சடை. எண்ணெய் வைத்து வாரினது போலப் படிந்து, இறுக்கமாக, நுனி வரை பின்னியிருந்தது.

"யாரு பின்னிவிட்டா?"

"அந்தக்கா."

"எந்தக்கா?"

"எங்கூட வர்ற அக்கா."

டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஓலைப்பெட்டிதான் இருந்தது. வண்டி மெதுவாகப் போனபோது ஊர்ப்பெண் எவளாவது ஏறி, பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். கழுத்துச் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

அப்போதுதான் முத்துக்கருப்பன் வந்தார். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். அவருடைய மாரிஸ் கார்தான் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. அந்தப் புள்ளைய உக்காரச் சொல்லுங்க. மேடு பள்ளத்துல நின்னுக்கிட்டே வருது. பாக்குற எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

"ஸ்யாமளாவா நின்னா?"

"சின்னது உக்காந்துதாண்ணே இருக்கு. நான் சொல்றது அந்தத் தாவணியை."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஆள் கேலிக்காரர்தான். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. சாராயமோ என்று கிட்டப்போய் மூச்சை மோந்தும் பார்த்தேன். டீ வாசம்தான் அடித்தது.

மைசூர்பாகு டின்களை எடுத்து வேறு வண்டியில் ஏற்றிவிட்டு ஸ்யாமளாவை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் முரண்டு பிடித்தாள். அக்கா தனியாக வருவாள் என்றாள். அதட்டினேன். வாயை மூடிக்கொண்டாள்.

டிக்கியில் இப்போது பெட்டி மட்டும்தான்.

வண்டி லேசாகவில்லை.

ஹூட்டின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி உண்டு. வெயிலில் பழுத்து மஞ்சளாகிப்போனது. உருவம் தெரியாது. நிறம் மட்டும் தெரியும். அதன் வழியாகப் பின்னால் பார்த்தேன்.

பச்சை.

பெட்டி மூடி கழன்று துணி பறக்கிறது. அதுதான். நின்று மூடியைப் பார்த்தேன். கயிறு கட்டியபடியே இருந்தது.

மறுபடி கிளம்பினேன்.

கிரீச்…

ஸ்யாமளா என் பக்கத்தில் இருந்தாள். பின்கண்ணாடியில் பச்சை தெரிந்தது. நான் அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று மிதித்தேன். அவ்வளவு பாரத்தோடு மிதித்தால் கிழட்டு வண்டி என்ன செய்யும்? கண்மாய்க் கரை ஒன்றில் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்கியது. நின்றுவிட்டது.

மணி ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். மேகம் மூடி இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள். முத்துக்கருப்பனையும் காணவில்லை.

"இடத்தை விட்டு அசையக்கூடாது" என்று ஸ்யாமளாவிடம் சொல்லிவிட்டுத் தகர டப்பாவோடு கண்மாயில் இறங்கினேன். பத்தடிதான் இருக்கும். தண்ணீர் மொண்டேன்.

கிரீச்…

டப்பாவைப் போட்டுவிட்டு ஓடி ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. பிள்ளை இல்லை.

"ஸ்யாமளா…"

தவளைகள் கத்தின. வேறு சத்தமில்லை.

"ஸ்யாமளா…"

பிள்ளை பிடிக்கிறவன் எவனோ வேலையைக் காட்டிவிட்டான். காலையிலிருந்து நோட்டம் பார்த்திருக்கிறான். என் கையில் கிடைத்தால் கொன்றேவிடுவேன். அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக, மனுஷனாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டேன்.

கரை முடிகிற இடத்தில் ஒரு மண்பாதை பிரிந்தது.

அங்கே நின்றிருந்தாள். எனக்கு முதுகு காட்டி.

வலது கை மேலே தூக்கியிருந்தது. விரல்கள் மூடியிருந்தன. உயரமானவர் கையைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்களே… அப்படி.

பக்கத்தில் யாருமில்லை.

இடது கையால் மதுரைப் பக்கம் ரோட்டைக் காட்டி, பாடம் ஒப்பிப்பது போல என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினேன்.

வரவில்லை.

உடம்பு வந்தது. அந்தக் கை வரவில்லை. காற்றில் அப்படியே நின்றது. இழுத்தேன். எதிர்ப்பக்கமும் இழுத்தது.

பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. முத்துக்கருப்பன் வண்டி. ரோட்டில் என் நிழல். என் கையில் ஸ்யாமளாவின் நிழல்.

அதற்குப் பக்கத்தில்…

இன்னொன்று.

ஸ்யாமளா அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"விடுங்கக்கா. அப்பா வந்துட்டாங்க."

கை விடுபட்டது. நான் மல்லாந்து விழுந்தேன்.

முத்துக்கருப்பன் காரை விட்டு இறங்கவே இல்லை. இரண்டு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஹாரனை அழுத்திப் பிடித்தபடி இருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருப்பேன்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பி, மதுரை வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். திருமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. நின்ற நேரம் முழுவதும் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பாரம் மட்டும் இருந்தது.

எட்டேகாலுக்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன். தர்மாம்பாள் ஓடிவந்து ஸ்யாமளாவை வாங்கிக்கொண்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. இழுப்பு இல்லை. நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். மூன்று பேரும் படியில் நின்றுகொண்டிருந்தோம்.

கிரீச்…

காலி வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது.

"என்னங்க சத்தம்?" என்றாள் தர்மாம்பாள். பழைய வண்டி என்றேன். பெட்டியைக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பாவாடையை அவள் அலசிக் கொடியில் போட்டாள். எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டுப் படுத்தோம். நான் தூங்கவில்லை.

காலையில் ஏழு மணிக்கு விருமாண்டி வந்தார். கூடவே அவருடைய அம்மா ஒச்சாயி. ஊரிலிருந்து அதிகாலை பஸ்ஸில் வந்து, பெட்டியைக் காணோம் என்றதும் முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். திடமான அம்மாள். கூடத்தில் பெட்டியைப் பார்த்ததும் அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விருமாண்டிதான் சொன்னார். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாளாம். பெயர் அன்னக்கொடி. மூன்று வயதில் அம்மை கண்டு இறந்துவிட்டாளாம். பதினாறு வருஷம் ஆகிறது. கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். தீபாவளிக்கு எடுக்கிற முதல் துணி அவளுக்குத்தான். மஞ்சள் தடவிப் படைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். மூடியை லேசாகத் தூக்கி அடியில் செருகுவதோடு சரி, யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்தப் பெட்டிதான் அவள் இருக்கிற இடம். அது வாசலைத் தாண்டக்கூடாது. சென்னையில் வளர்ந்த மருமகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது, எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஒரு பாவாடை எடுத்துவிட்டோம் என்று சொல்லி, தர்மாம்பாள் கொடியிலிருந்து கொண்டுவந்து நீட்டினாள். ஒச்சாயி வாங்கிப் பார்த்தார். விரித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இது எம் புள்ளதில்லையேம்மா. நான் வருசா வருசம் மூணு வயசுப் புள்ள அளவுலதான எடுத்து வச்சேன். அம்புட்டும் ஒரே அளவு."

பெட்டியின் கயிற்றை அவரே அவிழ்த்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். மூன்று வயது. நான்கு. ஐந்து… கடைசியில் அந்தத் தாவணி வந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டார். பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை. அந்தச் சந்தோஷத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"எந்தாயி… இம்புட்டு வளந்துட்டியா" என்று அழுதார்.

நேற்று ஸ்யாமளாவோடு ஓர் அக்கா வந்ததை நான் சொன்னேன். அந்நேரம் அவளே தூக்கம் கலைந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். ஒச்சாயி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் தடுக்கப் பார்த்தேன். தர்மாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா உங்கிட்ட என்னத்தா கேட்டா?"

"வீட்டுக்கு வழி கேட்டாங்க. பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டதால வழி தெரியலையாம்."

"நீ என்ன சொன்ன?"

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் போலீஸ்காரரிடம் சொல்ல வேண்டும் என்று, பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தேன். உலகத்தில் ஒருத்தனையும் நம்பாத அப்பன் வேறென்ன செய்வான்? ஸ்யாமளா கையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"நம்பர் பதினாலு, பிள்ளையார் கோயில் தெரு, பொன்னகரம், மதுரை."

எங்கள் வீடு.

ஒச்சாயி எழுந்தார். துணிகளையெல்லாம் பெட்டிக்குள் வைத்து மூடினார். வாசல் பக்கம் போகவில்லை. எங்கள் உள்ளறைக் கதவுக்கு நேராகப் போய் நின்றார்.

"வாத்தா. நம்ம வீட்டுக்குப் போவோம்."

காத்திருந்தார். உள்ளே யாருமில்லை. ஸ்யாமளா படுத்திருந்த பாய் மட்டும் கிடந்தது.

வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, என்னைப் பார்க்காமல், தர்மாம்பாளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"வர மாட்டேங்குறா."

அந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது ஸ்யாமளாவுக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்தோம். தர்மாம்பாள் கூடவே ஒரு தாவணியும் எடுத்து மூட்டையில் வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.